ஏழு நாளில் எத்தனை முட்டை, சார்?

2023-ம் வருஷம், டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. காலிங் பெல் அடித்தது.

திறந்தால், தோளில் ஒரு பையும் கையில் டேப்லெட்டுமாக ஓர் இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை. வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர் என்று நினைத்து, ''ஏற்கெனவே இருக்குப்பா'' என்று பாதிக் கதவைச் சாத்திவிட்டேன். மீதிப் பாதி வழியாக அவர் சொன்னார்:

''விற்க வரலை, சார். மத்திய அரசோட குடும்பச் செலவு சர்வே. உங்க வீடு செலக்ட் ஆகியிருக்கு!''

'செலக்ட்' என்ற வார்த்தையைக் கேட்டு எனக்குப் பல வருஷமாச்சு. பாங்க் பரீட்சை, டி.என்.பி.எஸ்.ஸி. என்று ஏழெட்டு எழுதியும் எந்த லிஸ்ட்டிலும் என் நம்பர் வந்ததில்லை. அரசாங்கமே தேடி வந்து செலக்ட் பண்ணியிருக்கிறது என்றதும் மனசு இளகிவிட்டது. ஃபேனைப் போட்டு உட்காரச் சொன்னேன்.

ஆரம்பித்தார். கடந்த முப்பது நாளில் எத்தனை கிலோ அரிசி? ரேஷனில் எவ்வளவு, கடையில் எவ்வளவு? துவரம் பருப்பு? உப்பு? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சமையலறை வாசலில் நின்றபடி, கையில் தோசைத் திருப்பியோடு என் சகதர்மிணிதான் பதில் சொன்னாள். நான் பி.காம். என்பதும், அவள் மாதக் கணக்கை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறவள் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

அப்புறம் ஏழு நாள் கணக்கு. ''ஏழு நாளில் எத்தனை முட்டை, சார்? மீன்? கத்தரிக்காய்? வாழைப்பழம்?''

கடைசியாக வந்தது அந்தக் கேள்வி.

''பான், புகையிலை, சிகரெட்?''

தோசைத் திருப்பி அந்தரத்தில் நின்றது.

''சேச்சே! இல்லை'' என்றேன்.

அவர் டேப்லெட்டில் பூஜ்யத்தைத் தட்டினார். தினம் சாயங்காலம் 'கொத்தமல்லி வாங்கிண்டு வரேன்' என்று கிளம்பி, டீக்கடை வாசலில் இரண்டு ஊதிவிட்டு வரும் அடியேனின் வாரம் பதினாலு சிகரெட், சுமார் இருநூற்றைம்பது ரூபாய், அந்தப் பூஜ்யத்துக்குள் மறைந்தது.

'இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்றுதான் அப்போது நினைத்தேன். கிளம்பும்போது அந்த இளைஞர் ஒரு வார்த்தை சொன்னார்:

''தாங்க்ஸ், சார். உங்க ஒரு வீடு, கிட்டத்தட்ட ஆயிரம் வீட்டுக்குச் சமம்!''

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பானையும் சோறும்

அவர் சொன்னது விளையாட்டில்லை. 2022-23-ல் நடந்த இதே சர்வேயில் நாடு முழுக்கக் கேட்டது 2,61,746 குடும்பங்களை. நம் தேசத்தில் இருக்கும் குடும்பங்களோ கோடிக்கணக்கில். வகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடுதான் வாயைத் திறக்கிறது. மீதி வீடுகளுக்கும் அதுவே பதில் சொல்கிறது.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று நம் பாட்டி சொன்னது சரிதான். ஆனால் அது ஒழுங்காக வெந்த பானைக்கு. நம் தேசம் அப்படியா? அடியில் தீய்ந்திருக்கும், நடுவில் குழைந்திருக்கும், மேலே அரிசியாகவே இருக்கும்! எந்த இடத்திலிருந்து எத்தனை பருக்கையை எடுத்தால் முழுப் பானையின் லட்சணம் தெரியும்? இந்தக் கேள்விக்காக ஆயுளையே செலவழித்தவர் ஒரு வங்காளி - பி.சி. மஹாலநோபிஸ்.

கல்கத்தா பிரஸிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர். அந்தக் கல்லூரியின் ஓர் அறையில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தார். வங்காளத்தில் சணல் எத்தனை ஏக்கரில் பயிராகிறது என்பதை, வயல் வயலாக எண்ணாமல், அங்கங்கே சில இடங்களை மட்டும் அளந்து கணக்கிட்டுக் காட்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல், அவர் யோசனைப்படி பிறந்ததுதான் தேசிய மாதிரி சர்வே. ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு கடன் என்றெல்லாம் இவ்வளவு பெரிய ஏழை நாடு வீடு வீடாகப் போய்க் கேட்டது அந்தக் காலத்தில் உலகத்துக்கே அதிசயம். அவர் பிறந்த ஜூன் 29-ம் தேதியைத்தான் 2007 முதல் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம். (லீவு கிடையாது. அதனால்தான் உங்களுக்குத் தெரியாது!)

உப்பு சொன்ன உண்மை

என்னைப் போன்ற பொய்யர்களிடமிருந்து உண்மையைக் கறப்பது எப்படி? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2023-ல் தம் 102-வது வயதில் மறைந்த புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவ் தம் புத்தகத்தில் எழுதியது.

1947. பிரிவினைக் கலவரம். டெல்லி செங்கோட்டைக்குள் ஏராளமானவர்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போடும் வேலை கான்ட்ராக்டர்களிடம். உள்ளே எத்தனை பேர் என்று சர்க்காருக்குத் தெரியாது. பில் மட்டும் மலை மாதிரி வந்துகொண்டிருந்தது. புள்ளியியல்காரர்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் எண்ண முடியாது. கையில் இருந்தது பில் மட்டும்தான்.

ஜே.எம்.சென்குப்தா என்ற நிபுணர் ஒரு வழி சொன்னார். ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு சாப்பிடுவான் என்பது பழைய சர்வேக்களிலிருந்து தெரியும். பில்லில் உள்ள அரிசியை அதனால் வகுத்தால் ஓர் ஆள் கணக்கு வரும். பருப்பை வகுத்தால் இன்னொன்று. உப்பை வகுத்தால் வேறொன்று. மூன்றும் ஒரே எண்ணாக அல்லவா வர வேண்டும்? வரவில்லை. அரிசிக் கணக்கில் ஜனத்தொகை எங்கேயோ போனது. உப்புக் கணக்கில் மிகக் குறைவு.

எது நிஜம்? உப்புதான்! அன்றைக்கு உப்பு அடிமாட்டு விலை. அதில் பொய்க் கணக்கு எழுதி என்ன லாபம்? கான்ட்ராக்டர் அரிசியில் பொய் சொல்லியிருந்தார், உப்பில் சொல்லவில்லை.

இதிலிருந்து அடியேன் தெரிந்துகொண்டது: மனுஷன் எல்லாவற்றிலும் பொய் சொல்வதில்லை. லாபமோ பயமோ இருக்கும் இடத்தில்தான் சொல்கிறான். (என் விஷயத்தில் இரண்டாவது.)

மறதியின் விலை

பொய்யாவது பரவாயில்லை. மறதி இருக்கிறதே, அது இன்னும் மோசம்.

உங்கள் ஆபீஸிலேயே ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். பக்கத்து ஸீட்டுக்காரரிடம், 'போன வாரம் டீக்கும் வடைக்கும் எவ்வளவு செலவு பண்ணினீங்க?' என்று கேளுங்கள். விரல் விட்டுச் சொல்லிவிடுவார். அதே ஆசாமியிடம், 'போன மாசம் முழுக்க எவ்வளவு?' என்று கேளுங்கள். மேலே ஃபேனைப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். வாரக் கணக்கை நாலேகாலால் பெருக்கிப் பாருங்கள், மாதக் கணக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நாள் அதிகமாக ஆக வடை மறந்து போகிறது.

இது டீ, வடையோடு நின்றால் சரி. நம் நாட்டின் வறுமைக் கணக்கே இதில்தான் தொங்கியது! பல வருஷமாக, 'முப்பது நாளில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், பரீட்சார்த்தமாகச் சில குடும்பங்களிடம் உணவுச் செலவை மட்டும் 'ஏழு நாளில்' என்று மாற்றிக் கேட்டார்கள். நினைவுக்கு வந்த செலவு கூடியது. செலவு கூடியதால் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் தொகை சுமார் பாதியாகக் குறைந்துவிட்டது. யாருக்கும் ஒரு பைசா கூடுதல் சம்பளம் வரவில்லை. கேள்வியில் ஒரு வார்த்தை மாறியது, அவ்வளவுதான்!

1999-2000 சர்வேயில் இரண்டு கேள்விகளையும் ஒரே படிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். ஏழு நாள் கணக்கைச் சொன்னவர், முப்பது நாள் கணக்கையும் அதற்கு ஏற்ற மாதிரி சொல்லிவிட்டார். 1993-94-ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாக இறங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. 'நிஜமாகவே இறங்கியதா, படிவம் இறக்கியதா?' என்று பொருளாதார மேதைகள் வருஷக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். அந்த விவாதத்தில் முன்னால் நின்ற ஆங்கஸ் டீட்டனுக்கு 2015-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

கோடு போட்டவர்கள்

சரி, அந்த வறுமைக் கோடு என்பது என்ன? அதுவும் இந்தச் சர்வேயின் குழந்தைதான். கிராமத்தானுக்கு ஒரு நாளைக்கு 2,400 கலோரி, நகரவாசிக்கு 2,100 கலோரி. இதைச் சாப்பிடுகிறவர் மாதம் எவ்வளவு செலவு பண்ணுகிறார் என்று சர்வேயில் பார்த்து, 1973-74 விலையில் கிராமத்துக்கு 49 ரூபாய் 9 காசு, நகரத்துக்கு 56 ரூபாய் 64 காசு என்று கோடு கிழித்தார்கள்.

2011-ல் திட்டக் கமிஷன் சுப்ரீம் கோர்ட்டில், 'நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய்' என்று சொல்லப்போக, நாடே சிரித்தது, பிறகு கொதித்தது. ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 2014-ல் அதை நகரத்துக்கு 47 ரூபாய், கிராமத்துக்கு 32 ரூபாய் என்று உயர்த்தியது. பழைய கோட்டின்படி 2011-12-ல் ஏழைகள் சுமார் 27 கோடி. புதுக் கோட்டின்படி 36 கோடி. கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியதில், 9 கோடிப் பேர் ராத்திரியோடு ராத்திரியாக ஏழையானார்கள்!

நமக்கென்ன வந்தது?

'இதெல்லாம் டெல்லி சமாசாரம், எனக்கென்ன?' என்று கேட்கும் ஆபீஸ் நண்பர்களுக்கு: உங்கள் பர்ஸிலும் இது கை வைக்கிறது, சார்.

விலைவாசி ஏறுகிறதா என்று எப்படி அளக்கிறார்கள்? ஒரு கற்பனைக் கூடை. அதில் அரிசிக்கு இவ்வளவு எடை, வாடகைக்கு இவ்வளவு, பஸ் சார்ஜுக்கு இவ்வளவு என்று வைக்கிறார்கள். அந்த எடை எங்கிருந்து? நம் வீட்டுச் செலவு சர்வேயிலிருந்துதான். 2012-ஐ அடிப்படையாக வைத்த குறியீட்டில், 2011-12 சர்வேயைப் பார்த்து, சாப்பாடு, பானங்களுக்கு மட்டும் 45.86 சதவீத எடை போட்டார்கள். இந்தக் குறியீடு ஏறினால் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றும். வட்டி ஏறினால் உங்கள் வீட்டுக் கடன் ஈ.எம்.ஐ. ஏறும்.

பஞ்சப்படிக்கு வேறு குறியீடு - தொழிலாளர் குறியீடு - என்றாலும் சூத்திரம் ஒன்றுதான். 2020-ல் அதன் கூடையை மாற்றியபோது சாப்பாட்டின் எடை 46.2-லிருந்து 39.17-ஆகக் குறைந்தது. பலசரக்கு பத்து சதவீதம் ஏறினால் முன்பு குறியீடு 4.6 சதவீதம் ஏறும், பிறகு 3.9 சதவீதம்தான். கேன்டீனில் அரியர்ஸ் பற்றிக் கத்துகிற நேரத்தில் கால்வாசியை இதற்கு ஒதுக்கலாம்.

அந்தக் கூடையையும் காலாகாலத்தில் மாற்ற முடிந்ததா? 2017-18-ல் நடத்திய செலவு சர்வேயின் முடிவுகளை, 'தரத்தில் குறை' என்று காரணம் சொல்லி, 2019 நவம்பரில் அரசு வெளியிடாமலே விட்டுவிட்டது. 2011-12-க்கு அப்புறம் 2022-23 வரை பதினோரு வருஷம் புதுக் கணக்கே இல்லை. விளைவு, 2025-ம் ஆண்டின் விலைவாசியையும் 2011-12-ன் கூடையை வைத்தே அளந்தார்கள். அதில் டேப் ரெக்கார்டரும் கேசட்டும் இருந்தன!

பர்ஸோடு போனால் தேவலை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசத்தில் 81.35 கோடிப் பேருக்கு மலிவு தானியம். இது 2011 சென்சஸை வைத்துப் போட்ட கணக்கு. 2021-ல் நடக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவால் தள்ளிப் போனது. 2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக வைத்து நடத்துவதாக 2025-ல்தான் அறிவிப்பு வந்தது. நடுவில் ஜனத்தொகை 140 கோடியைத் தாண்டிவிட்டது. சட்டம் சொல்லும் மூன்றில் இரண்டு பங்கை இன்றைய ஜனத்தொகைக்குப் போட்டுப் பார்த்தால், பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் ரேஷன் கடை எல்லோருக்கும் பொது என்பதால் நமக்கு உறைப்பதில்லை. பீகாரிலோ ஜார்க்கண்டிலோ கார்டில்லாத ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில், எண்ணாமல் விட்ட எண் என்பது வேகாமல் போன சோறு.

மூன்று கதவுகள்

ஜனவரியில் அந்த இளைஞர் மறுபடியும் வந்தார். (ஒரே தடவையில் எல்லாம் கேட்டால் ஜனங்கள் களைத்துப் போகிறார்கள் என்று, மூன்று மாதத்தில் மூன்று தரமாகப் பிரித்துவிட்டார்கள்.) இந்தத் தடவை காபி கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

''எல்லாரும் பதில் சொல்றாங்களா தம்பி?''

''எங்க, சார்! மெயின் ரோடுல அந்தப் பெரிய அப்பார்ட்மென்ட் இருக்கே, செக்யூரிட்டியே உள்ள விடமாட்டேங்கறார். விட்டாலும் 'இன்கம் டாக்ஸா?'ன்னு கேட்டுட்டு லைனைக் கட் பண்ணிடறாங்க. அவங்களுக்குப் பதிலா வேற வீடு எடுக்க வேண்டியிருக்கு.''

''அப்போ நல்லாப் பதில் சொல்றது யாரு?''

''உங்க தெருக்கோடியில லைன் வீடு இருக்கு பாருங்க. அங்க ஒரு அம்மா, நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கறாங்க. தக்காளி கால் கிலோ, எண்ணெய் பாக்கெட் ஒண்ணு, என்னிக்கு வாங்கினாங்க, என்ன விலை - எல்லாம் மனப்பாடம். 'தினம் எண்ணி எண்ணித்தானே தம்பி செலவு பண்றேன், மறக்குமா?'ன்னாங்க.''

காபி எனக்குக் கொஞ்சம் கசந்தது.

யோசித்துப் பாருங்கள். இல்லாதவர் கதவைத் திறந்து பைசா சுத்தமாகச் சொல்கிறார். நடுத்தரம் கதவைத் திறந்து பொய் சொல்கிறது. இருப்பவர் கதவையே திறப்பதில்லை. இது என் தெருவின் கதை மட்டுமில்லை. நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கு, ஜனங்கள் இவ்வளவு செலவழித்தார்கள் என்று ஒரு தொகை சொல்கிறது. வீடு வீடாகக் கேட்கும் சர்வே வேறு தொகை சொல்கிறது. எழுபதுகளில் இரண்டும் ஓரளவு ஒட்டிப் போயின. 2011-12-லோ, சர்வேயில் அகப்பட்டது மற்றதில் சுமார் பாதிதான்! இரண்டும் கணக்கிடும் விதம் வேறு என்பது ஒரு காரணம். வசதி உள்ளவர்களின் செலவு சர்வேயில் சரியாக விழுவதில்லை என்பது இன்னொன்று. ஏழை - பணக்காரன் இடைவெளி குறைந்தது என்று யாராவது புள்ளிவிவரம் காட்டினால், அந்த செக்யூரிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாவ மன்னிப்பு

பிப்ரவரியில் மூன்றாவது தடவை அவர் வந்தபோது நான் தீர்மானத்தோடு இருந்தேன். வாசலுக்கே போய், குரலைத் தணித்துச் சொன்னேன்.

''தம்பி, டிசம்பர்ல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. அந்த சிகரெட் கேள்வி... வாரத்துக்குப் பதினாலு. மாத்திக்க முடியுமா?''

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ''அந்தப் படிவம் அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு, சார். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.''

ஆக, 2023-24 கணக்கில் சுமார் ஆயிரம் வீடுகள் பீடி, சிகரெட்டைக் கையாலும் தொடாத உத்தமர்களாக நிலைத்துவிட்டன. வாரத்துக்குப் பதினாலாயிரம் சிகரெட்டுகள் தேசத்தின் கணக்கிலிருந்து புகையாகப் போய்விட்டன. விஷயம் அதோடும் முடியவில்லை. 2024-ஐ அடிப்படையாக வைத்த புது விலைவாசிக் குறியீட்டின் கூடைக்கு எடை போட எடுத்துக்கொண்டது எந்தச் சர்வே தெரியுமோ? அதே 2023-24 தான். இனி பல வருஷத்துக்கு, நம் எல்லோருடைய விலைவாசியிலும் என் பொய் ஒரு துளி இருக்கும். மன்னிக்கவும்.

அதனால் இளைஞர்களே, அடையாள அட்டையும் டேப்லெட்டுமாக ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், அட்டையைப் பார்த்துக்கொண்டு முழுக் கதவையும் திறங்கள். இன்கம் டாக்ஸ்காரர் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். நிஜத்தைச் சொல்லுங்கள். சொல்ல முடியாத நிஜம் ஏதாவது இருந்தால், மனைவியைக் கொத்தமல்லி வாங்க அனுப்பிவிட்டாவது சொல்லுங்கள்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலில் அவள். கையில் காலண்டர் தாள்.

''ஏங்க, அந்தப் பையன்கிட்ட என்ன ரகசியம்?''

''ஒண்ணுமில்லையே! சும்மா...''

''வாரத்துக்குப் பதினாலு இல்லை, பதினாறு. சனிக்கிழமை நாலு'' என்றாள். ''நான் எப்பவோ எழுதி வச்சிருக்கேன்.''

அடுத்த சர்வேயை நேராக அவளிடமே எடுக்கும்படி அரசாங்கத்துக்கு சிபாரிசு செய்கிறேன்.